உயிர்ப்பை நம்பாமல் கிறிஸ்தவனாக இருக்கலாமா, ஃபாதர்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். தேவையானதை மட்டும் எடுத்துத் தருகிறேன்.

“நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பிறவிக் கத்தோலிக்கன். ஞாயிறு பூசையை விடுவதில்லை. போன ஆடியில் அம்மா தவறிவிட்டார்கள். அடக்கத்தில் எல்லாரும் விசுவாசப் பிரமாணம் சொன்னோம். ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்’ என்ற இடம் வந்ததும் எனக்கு வாய் எழவில்லை. யோசித்துப் பார்த்தால், பல வருஷமாகவே அதை நான் நம்பவில்லை போலிருக்கிறது. நான்கு நற்செய்தியும் கல்லறைக் காட்சியை நான்கு விதமாகச் சொல்கின்றன. செத்தவர் எழுவதை வேதியியல் படித்தவன் எப்படி ஏற்பது? இயேசுவின் போதனை எனக்குப் போதும், மலைப்பொழிவு போதும். அவர் எழுந்தாலும் எழாவிட்டாலும் பகைவனை நேசி என்பது சரிதானே? இந்த வருஷம் பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின சனி இரவு வழிபாட்டில்) வாசகம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார் பங்குத்தந்தை. வாசிக்கலாமா? நற்கருணை வாங்கலாமா? ஆறாவது படிக்கிற என் மகள் ‘பாட்டி இப்போ எங்கே இருக்காங்க?’ என்று கேட்கிறாள். நட்சத்திரமாகிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.”

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவின் ஆன்மா இளைப்பாற்றிக்காக உங்களோடு சேர்ந்து நானும் வேண்டிக்கொள்கிறேன். இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று கடிதமே சொல்கிறது.

உயிர்ப்பு இல்லாமல் கிறிஸ்தவ நம்பிக்கை நிற்காது. ‘அதை விட்டுவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை’ என்று நான் சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். இது என் சொந்தக் கறார் இல்லை. ஏறத்தாழ கி.பி. 54, 55 வாக்கில் எபேசிலிருந்து கொரிந்துக்குக் கடிதம் எழுதிய பவுல், பதினைந்தாம் அதிகாரத்தில் பட்டவர்த்தனமாக எழுதி வைத்திருக்கிறார்: கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா. அதோடு விடவில்லை. அப்படியென்றால் நாங்கள் கடவுள் பெயரால் பொய்ச்சாட்சி சொன்னவர்கள், செத்தவர்கள் கெட்டுப்போனார்கள், எல்லா மனிதரையும்விட நாங்கள்தான் பரிதாபத்துக்குரியவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எந்த மதத்திலாவது அதைப் பரப்ப வந்தவரே ‘இது மட்டும் பொய்யென்றால் எங்களை நம்பாதீர்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறாரா, யோசித்துப் பாருங்கள். தப்பென்று நிரூபிக்க இடம் வைக்காத கோட்பாட்டை நீங்கள் வகுப்பறையில் ஏற்கமாட்டீர்கள். பவுல் அந்த இடத்தை வைத்திருக்கிறார்.

உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெபர்சன் சவரக்கத்தியும் பசையும் எடுத்துக்கொண்டு நற்செய்திகளிலிருந்து புதுமைகளை வெட்டி எறிந்து, போதனைகளை மட்டும் ஒட்டி ஒரு புத்தகம் செய்தார். 1820 வாக்கில் முடித்தார். கல்லறை வாசலில் கல்லைப் புரட்டி வைத்துவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள் என்பதோடு அது முடிகிறது. அதே 1820இல் கல்கத்தாவில் ராஜா ராம்மோகன் ராய் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார். செராம்பூர் மிஷனரி யோசுவா மார்ஷ்மனுக்கும் அவருக்கும் அதை ஒட்டிப் பெரிய வாதப்போர் நடந்தது. காந்தியடிகள் மலைப்பொழிவை எப்படி நேசித்தார் என்பது உங்களுக்கே தெரியும். மூவரும் இயேசுவை மதித்தவர்கள். ராயும் காந்தியும் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

‘மலைப்பொழிவு போதும்’ என்கிறீர்கள். அதைத் திரும்ப ஒருதரம் எடுத்துப் படியுங்கள், ஆசிரியர் கண்ணோடு. ‘துயருறுவோர் பேறுபெற்றோர்’ என்பதோடு அந்த வாக்கியம் முடியவில்லை. ‘ஏனெனில் அவர்கள் ஆறுதல் பெறுவர்’ என்று போகிறது. நீதியின்மேல் பசிதாகம் உள்ளவர் நிறைவு பெறுவர், சாந்தமுள்ளவர் நிலத்தை உரிமையாக்கிக்கொள்வர். எல்லாம் எதிர்காலம், எல்லாம் வாக்குறுதி. யார் நிறைவேற்றுவது? எப்போது? ஆறுதல் கிடைக்காமலே செத்துப்போனவர்களுக்கு என்ன பதில்? 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் அலை வந்து அள்ளிக்கொண்டு போனதே, அந்தத் தாய்மாரிடம் போய் ‘துயருறுவோர் பேறுபெற்றோர்’ என்று வெறும் நன்னெறியாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு கூசும். மரணத்துக்கு அப்பாலும் கடவுள் வாக்குக் காப்பாற்றுவார் என்றால்தான் அந்த வரிகளைச் சொல்ல ஒருவனுக்குத் தைரியம் வரும். ஆக, மலைப்பொழிவே உயிர்ப்பின்மேல் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறது.

இன்னொன்று. இயேசுவை ஆளுநர் பிலாத்து ராஜத்துரோகியாகச் சிலுவையில் அறைந்தான். மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளால் சபிக்கப்பட்டவன் என்பது பழைய ஏற்பாட்டில் இணைச்சட்டம் 21இல் உள்ளது. யூதர் எல்லாருக்கும் அது தெரியும். கதை வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தால், தீர்ப்புச் சொன்னவர்கள் சரி, தொங்கியவர் தப்பு. அவ்வளவுதான். கடவுள் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டார் என்பதுதான் சீடர்கள் தெருவில் இறங்கிச் சொன்ன சேதி. பகைவனை நேசி என்றவர் பகைவராலேயே செத்துப்போய் அப்படியே கிடந்தார் என்றால், அந்தப் போதனை அழகானது, ஆனால் உலகத்தில் அது செல்லாது என்பதற்கே அவர் சாட்சியாகிவிடுவார்.

இனி வேதியியல். அந்தக் காலத்து ஆட்கள் எதையும் நம்புவார்கள், நமக்குத்தான் விவரம் தெரியும் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் அங்கங்கே தலைகாட்டுகிறது. செத்தவர் எழமாட்டார் என்பது முதல் நூற்றாண்டு மீனவனுக்கும் தெரியும். பிணத்தை நம்மைவிட அதிகமாகக் கையால் தொட்டவர்கள் அவர்கள். சதுசேயர் என்ற படித்த கூட்டமே உயிர்த்தெழுதல் கிடையாது என்று வாதாடியது. ஏதென்ஸில் பவுல் இதைச் சொன்னதும் சிலர் கேலி செய்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் 17 சொல்கிறது. பெண்கள் வந்து சொன்னபோது திருத்தூதர்களே ‘பிதற்றல்’ என்றுதான் நினைத்தார்கள், லூக்கா 24இல் பாருங்கள். உங்கள் கேள்வி பழைய கேள்வி.

நான்கு விதமாகச் சொல்கின்றன என்பதும் உண்மை. மாற்குவில் வெண்ணாடை உடுத்திய இளைஞர் ஒருவர், மத்தேயுவில் ஒரு வானதூதர், லூக்காவிலும் யோவானிலும் இருவர். போன பெண்களின் பட்டியலும் மாறுகிறது. மாற்குவின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும், பெண்கள் பயந்து ஓடிப்போய் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நற்செய்தியே நின்றுவிடுகிறது. கூடிப் பேசிப் புளுகியிருந்தால் இந்தப் பிசிறெல்லாம் சீவியிருப்பார்கள். அதைவிட முக்கியம், முதல் சாட்சிகளாகப் பெண்களை நிறுத்தியிருக்கவே மாட்டார்கள். பெண்ணின் சாட்சியை ஏற்கவேண்டாம் என்பதே வழக்கம் என்று அதே நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதியிருக்கிறார். கட்டுக்கதை கட்டுகிறவன் மகதலா மரியாவையா சாட்சிக் கூண்டில் ஏற்றுவான்?

நற்செய்திகளுக்கும் முந்தியது பவுலின் பட்டியல். இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார், கேபாவுக்கும் (பேதுருதான்) பன்னிருவருக்கும் தோன்றினார், ஐந்நூறுக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் தோன்றினார், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள் என்று மறைமுகமாகச் சொல்வது போலத்தான் இது. இதைத் தான் கண்டுபிடித்ததாக அவர் சொல்லவில்லை, தனக்குக் கைமாறி வந்தது என்கிறார். பேதுருவோடு பதினைந்து நாள் எருசலேமில் தங்கியதையும் யாக்கோபைப் பார்த்ததையும் கலாத்தியருக்கு எழுதும்போது குறிப்பிடுகிறார். இந்த யாக்கோபு ஆண்டவரின் சகோதரர். இயேசு உயிரோடிருந்தவரை அவருடைய சகோதரர்களே அவரை நம்பவில்லை என்கிறார் யோவான். அந்த யாக்கோபு எருசலேம் சபையின் தூணாகி, கி.பி. 62இல் கல்லெறிபட்டுச் சாகிறார். இதையும் ஜோசபஸ் எழுதுகிறார். கூடப் பிறந்தவனைக் கடவுளின் மெசியா என்று நம்ப வைப்பது எவ்வளவு சிரமம்! தம்பி தங்கை உள்ள எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

இவையெல்லாம் நிரூபணமா? இல்லை. ஏதோ நடந்தது, அதைப் பார்த்தோம் என்று இவர்கள் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு உறுதியாக நம்பினார்கள் என்பதுவரை வரலாறு நம்மைக் கொண்டுவந்து விடும். அதற்கு மேல் சோதனைக்குழாய் எட்டாது. அடுத்த எட்டை நீங்கள்தான் வைக்கவேண்டும்.

உயிர்ப்பு என்றதும் பிணம் எழுந்து உட்காருவதுதான் உங்கள் மனதில் வருகிறது என்று தோன்றுகிறது. அது இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசரின் கதை. லாசர் மறுபடி செத்திருப்பார். இயேசுவுக்கு நடந்ததாகச் சபை சொல்வது வேறு. தோட்டக்காரர் என்று மரியா நினைக்கிறாள். எம்மாவு வழியில் கூடவே நடந்தவர்களுக்கு அப்பம் பிட்கும்வரை ஆள் தெரியவில்லை. அதே ஆள், காயம்கூட இருக்கிறது, ஆனால் பழைய மாதிரி இல்லை. ‘செத்தவர்கள் எப்படி எழுவார்கள், எந்த உடலோடு?’ என்று கொரிந்தில் ஒருவர் கேட்பதாக வைத்துப் பவுல் பதில் சொல்கிறார். ‘புத்தியீனனே’ என்றுதான் ஆரம்பிக்கிறார், நான் அப்படிச் சொல்லமாட்டேன். விதைப்பது வெறும் மணி, முளைப்பது வேறு மேனி என்கிறார் அவர். பலாமரத்தைக் கண்ணால் பார்த்திராத ஒருவன் கையில் பண்ருட்டிப் பலாக்கொட்டை ஒன்றைக் கொடுத்து, இதிலிருந்து என்ன வரும் சொல் என்றால் அவன் என்ன சொல்வான்? நம் உடலைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவே. 1963இலிருந்து எரியூட்டலைத் திருச்சபை அனுமதித்திருக்கிறது. எலும்பை எண்ணி வைத்துக்கொண்டு கடவுள் வேலை பார்ப்பதாகச் சபை நினைத்திருந்தால் அதைச் செய்திருக்குமா? கடலில் போய்க் கிடைக்காதவர்களுக்கும் அதே நம்பிக்கையைத்தான் சொல்கிறோம்.

‘நம்பினாலும் நம்பாவிட்டாலும் வாழ்க்கையில் என்ன வித்தியாசம்’ என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் புதுச்சேரிக்கே இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. கோவிலுக்குள் சாதிப் பிரிவினைக்காக எழுப்பியிருந்த சுவர் 1745இல் இடிக்கப்பட்ட சங்கதி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது. சுவர் போனது, சாதி போகவில்லை. தமிழ்நாட்டில் இன்றும் எத்தனை ஊரில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டமே இரண்டாக இருக்கிறது! ஞாயிறுதோறும் ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்’ என்று கணீரென்று சொல்லிவிட்டு, இந்த உடலுக்குப் பக்கத்தில் அந்த உடல் கிடக்கக்கூடாது என்கிறவர்கள் எதை நம்புகிறார்கள்? கடவுள் ஒரே நாளில் எழுப்பப்போகிற உடல்களுக்கு நடுவே சுவர் வைப்பவன்தான் என் பார்வையில் உயிர்ப்பை மறுப்பவன். வாய் எழாமல் நின்ற உங்களைவிட அவனைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஆன்மா மட்டும் பறந்து போய்விடும், உடல் வெறும் சட்டை என்றால், உடலுக்கு இழைக்கிற அநியாயம் பெரிய விஷயமாகத் தெரியாது. உடலும் மீட்கப்படும் என்று நம்பினால் பசி, அடி, தீட்டு எல்லாமே கடவுள் சமாச்சாரமாகிவிடும். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

நம் ஜனங்களுக்குப் பெரிய வெள்ளி ரத்தத்தில் ஊறியது, பாஸ்கா அந்த அளவுக்கு ஊறவில்லை என்பது என் நெடுநாள் குறை. சிலுவைப்பாதைக்கு உருகுகிற கூட்டம், சனி இரவு நீளமான வாசகங்களுக்குக் கொட்டாவி விடுகிறது. ஆனாலும் நவம்பர் 2 அன்று உப்பளம் கல்லறைக்கு வந்து பாருங்கள். விடிவதற்குள் தண்ணீர்க் குடமும் துடைப்பமுமாக வந்து கல்லறையைத் தேய்த்துக் கழுவி, சாமந்தி மாலையைச் சிலுவையில் சுற்றுகிறார்கள். காற்றில் அணையும் மெழுகுவர்த்தியைத் திரும்பத் திரும்பப் பற்றவைக்கிறார்கள். பேர் வெட்டிய எழுத்துக்குள் மெழுகு வழிந்து உறைய, பிள்ளைகள் அதைச் சுரண்டி உருண்டை பிடிக்கின்றன. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது ‘எங்க அம்மாவுக்கும் சாமி’ என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். முடிந்துபோன ஒருத்திக்காக யாரும் இப்படி இழுக்கமாட்டார்கள். இறையியல் படிக்காதவர்கள்தான், விசுவாசப் பிரமாணத்தின் அந்த வரி அவர்கள் கையில் இருக்கிறது.

உங்களுக்கு வருகிறேன். நம்பமாட்டேன் என்று நீங்கள் எழுதவில்லை, நம்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை. வேண்டுமென்று மறுப்பதையும், தானாக வந்து படுத்தும் ஐயத்தையும் திருச்சபையின் போதனையே பிரித்துத்தான் பேசுகிறது. மத்தேயு நற்செய்தியின் கடைசிப் பக்கத்தில் உயிர்த்தவரைக் கண்முன் பார்த்துப் பணிந்த சீடர்களுள் சிலர் ஐயுற்றார்கள் என்று இருக்கிறது. அவர்களை வெளியே அனுப்பிவிட்டு மீதிப் பேரிடம் அவர் பேசவில்லை. தோமா எட்டு நாள் நம்பாமலே மற்றவர்களோடு அதே வீட்டில் இருந்தார். மற்றவர்களும் அவரை விரட்டவில்லை. அவருடைய கல்லறைமேல் மயிலாப்பூரில் கோவில் கட்டி வைத்திருக்கிறோம். ஆகவே நற்கருணை வாங்குங்கள். வாங்கும்போது உள்ளே இருப்பதை ஒளிக்காதீர்கள். ஒப்புரவுக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது இதையும் சொல்லுங்கள். மனச்சோர்வு எவ்வளவு, ஐயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவும் அது உதவும். அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துக்கத்தில் இருக்கிறவன் எடுக்கிற இறுதி முடிவுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வாசகமும் வாசிக்கலாம். வாசகர் தன் கருத்தை அங்கே சொல்வதில்லை, சபையின் வார்த்தைக்குக் குரல் கொடுக்கிறார். இடறும் இடம் அதற்குப் பிறகு வரும்: திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கும்போது ‘உடலின் உயிர்ப்பை நம்புகிறீர்களா?’ என்று குருவானவர் கேட்பார், கையில் மெழுகுவர்த்தியோடு எல்லாரும் ‘நம்புகிறேன்’ என்பார்கள். அங்கே நடிக்க வேண்டாம். மாற்கு 9இல் நோயாளிப் பிள்ளையைத் தூக்கி வந்த தகப்பன் சொன்னதைச் சொல்லுங்கள்: விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும். அதைச் சொன்ன தகப்பனுக்கு இயேசு பரீட்சை வைக்கவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். ஆனால் இதே உயிர்ப்பு ஞாயிறுகள் இன்னும் சில கழிந்தும், ‘இல்லை, இது நடக்கவில்லை, இனி இதைப் பற்றி யோசிக்கவும் மாட்டேன்’ என்று தீர்மானமாகிவிட்டால், அன்றைக்குப் பீடத்துக்கு வராதீர்கள், பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். அதுதான் மரியாதை.

மகள் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை உண்டு. பாட்டி நட்சத்திரமாகவில்லை. அது வேதமும் இல்லை, வேதியியலும் இல்லை. அடுத்த வருஷம் அவளே அறிவியல் புத்தகத்தில் நட்சத்திரம் என்றால் என்னவென்று படித்துவிட்டு உங்களைப் பார்ப்பாள். பாட்டி இறந்துவிட்டாள் என்று சொல்லுங்கள். கடவுளிடம் இருக்கிறாள், ஒருநாள் அவர் அவளை எழுப்புவார் என்று பாட்டி நம்பினாள், நம் கோவிலில் எல்லாரும் நம்புகிறோம், அப்பாவுக்கு அது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை இதைத் தாங்கும். முடிந்தால் திருவிழிப்புக்கு அவளையும் கூட்டிப் போங்கள். புது நெருப்பில் பற்றவைக்கும் பாஸ்கா மெழுகுவர்த்தியை அவளுக்குக் கிட்டத்தில் காட்டுங்கள்: ஐந்து சாம்பிராணி மணிகள் செருகியிருக்கும், அந்த வருஷத்தின் எண் பொறித்திருக்கும். அவள் ஞானஸ்நானத்தில் அதைப் போன்ற திரியிலிருந்துதான் அவளுடைய மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். அடக்கத் திருப்பலியில் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதும் அதைத்தான். அவள் கேட்கப்போகிற கேள்விகளுக்கு நீங்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை, பங்கில் மறைக்கல்வி ஆசிரியர் இருக்கிறார்.

வாசகப் பட்டியல் குருத்து ஞாயிறுக்குள் முடிவாகிவிடும். அதற்குள் பங்குத்தந்தையைப் பார்த்து, விடுதலைப் பயணம் 14ஐக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைத்தாலும் அதை மட்டும் விடக்கூடாது என்பது விதி, அதனால் நிச்சயம் உண்டு. நீளம்தான். பார்வோன், தேர்கள், குதிரைவீரர்கள் என்று திரும்பத் திரும்ப வரும், வரி மாறிப் போகிறவர்கள் அங்கேதான் மாறுவார்கள். வீட்டில் ஓரிரு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.